எங்க ஊரு சாமி பேரு

உக்காரு தாயி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் கொடுக்கும். இங்கிட்டு வா, காத்தாடிக்குக் கீழ. மூணு மணி வெயில்ல பஸ் ஸ்டாப்புல இருந்து நடந்தா வந்தே? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. சாத்தனேந்தலுக்கு வந்துட்டு இந்தச் சாத்தையா வீட்டுல கை நனைக்காமப் போனவுக யாரும் கெடையாது. மோரு குடி. மொதல்ல மோரு, பெறகு பேச்சு.

கேட்டுல நிக்கிறவன் எம் மகன் பாண்டித்துரை. அம்பது வயசாச்சு, பேரன் எடுத்தாச்சு, இன்னும் எதுக்கெடுத்தாலும் மொறைப்பான். நாளன்னிக்கு வளைவு தெறப்பு, மந்திரி வாராரு, அந்த அலைச்சல் அவனுக்கு. வாரப்ப பாத்திருப்பியே, ரோட்டுமேல துணி போட்டு மூடி வச்சிருக்கோம். தியாகி அடைக்கலம் நினைவு வளைவு. எங்கப்பா பேரு.

நீ யாருன்னு நீ சொல்ல வேண்டாம். கேட்டத் தெறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, அந்த நெத்தியே சொல்லிருச்சு. கருமலை மகதானே? ஒங்க அப்பன் இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இதே கேட்டுலதான் வந்து நின்னான். நீ அப்பச் சின்னப்பிள்ளையா இருந்திருப்பே. இப்ப டீச்சரா இருக்கியாமே, திருச்சிப் பக்கம். தெரியும் தாயி. நீ கலெக்டர் ஆபீசுல மனுக் கொடுத்த அன்னிக்கே தெரியும். அங்க கொடுத்தா இங்க வந்துரும். மனுவ எனக்குப் படிச்சே காமிச்சாக. நாப்பத்திரெண்டுல போலீசு சுட்டுச் செத்தது அடைக்கலம் இல்லை, எங்க தாத்தா சேவுகன், ஆகையால வளைவுல அவர் பேரப் போடணும்னு. நல்லா எழுதியிருந்தே. ஒரு பிழை இல்லை.

எனக்குக் கோவம் இல்லை. மனவருத்தம்தான். எழுபத்திமூணு வயசுல, நாளன்னிக்கு விசேசத்த வச்சுக்கிட்டு, இப்பிடி ஒரு மனு. நேர்ல வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். சரி, இப்பத்தான் வந்துட்டியே, கேட்டுக்க.

எங்கப்பாவும் ஒங்க தாத்தாவும் ஒரே தட்டுல சாப்பிட்ட சினேகிதம். அதுல சந்தேகமே இல்லை. நாப்பத்திரெண்டு ஆகஸ்டுல ரெண்டு பேரும் சேந்துதான் தந்திக் கம்பிய அறுத்தாக, பன்னெண்டு போஸ்ட்டு தூரத்துக்கு. சேந்துதான் தபாலாபீசுக்குத் தீ வச்சாக. ரெண்டு பேரு மேலயும் வாரண்டு. மூணாம் நாளு போலீசு லாரி வந்துச்சு. கம்மாக்கரையில ரெண்டு பேரும் ஓடுறாக, சுட்டான். ஒருத்தரு விழுந்தாரு, ஒருத்தரு புதுக்கோட்டை எல்லையத் தாண்டிட்டாரு. அது ராசா சீமை, இங்கத்திப் போலீசு அங்க நொழைய முடியாது. இது வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. விழுந்தது யாரு, தாண்டுனது யாரு, அதுலதான் ஒங்க குடும்பத்துக்குக் கொழப்பம்.

பொணத்த ஊருக்குக் கொண்டு வரல, ஸ்டேசன்லயே போட்டுட்டாக. ஒங்க அப்பத்தா முத்திருளாயி தலையவிரிச்சுப் போட்டுக்கிட்டு நாலு மைலு ஓடியிருக்கா. வல்லக்குறிச்சியில இருந்து வாக்கப்பட்டு வந்து நாலு மாசம், வயித்துல ஒங்க அப்பன். ஊரு சார்பா எங்க பாட்டனாரு கூடப் போனாரு. அவருதான் அப்ப கிராம முன்சீப்பு, எங்கப்பாவப் பெத்தவரு. அவ துணிய வெலக்கி மொகத்தப் பாத்தா. இது யாருன்னு ரைட்டர் கேட்டான். எம் புருசன்னா. பேரு என்னன்னான்.

அங்கதான் சிக்கல். புருசன் பேரப் பொம்பளை சொல்லக் கூடாதுல்ல. சொன்னா ஆயுசு கொறையும். செத்துக் கெடக்குறான், இனிமே கொறைய என்ன இருக்கு? ஆனாலும் அவளுக்கு வாயில வரல. வளந்த வளப்பு அப்பிடி. ரைட்டர் லத்தியத் தட்டித் தட்டிக் கேக்குறான். கடைசியில, 'நம்ம ஊரு சாமி பேருதான் எசமான்'னு சொன்னா. நம்ம ஊரு சாமி யாரு? கம்மாக்கரையில குதிரை மேல உக்காந்திருக்காரே, அடைக்கலங்காத்த அய்யனாரு. எங்க பாட்டனாரு, 'பேரு அடைக்கலம்'னு எடுத்துச் சொன்னாரு. ரைட்டர் எழுதிக்கிட்டான். இதுல யாரு மேல தப்பு? அவ பேரச் சொல்லியிருந்தா இந்தப் பேச்சே இல்லை.

என்ன எடுக்குறே? காகிதமா? அதான் மனுவுலயே எழுதியிருந்தியே, அந்தப் போலீசு ரிக்கார்டு கெடச்சிருச்சுன்னு. கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே படி.

ம்.

திருப்பி அந்த வரியப் படி. 'எங்க ஊரு சாமி பேரு என்று சொன்னாள். கிராம முன்சீப் அது அடைக்கலம் என விளக்கினார்.' சரி. 'எங்க'ன்னா இருக்கு?

எங்கவோ நம்மவோ, அழுகையோட அழுகையாச் சொன்னது. வல்லக்குறிச்சி சாமி சேவுகப்பெருமாள்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுறது? ஒங்க அப்பனும் இதே பாடத்ததான் படிச்சான். எங்க ஊருன்னா அவ பொறந்த ஊரு, நம்ம ஊருன்னாத்தான் கேக்குறவனுக்கும் சேத்து ஊரு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும், ஒங்க பாட்டனாருக்குத் தெரியாதான்னு என்னைய நிக்க வச்சுக் கேட்டான். அவன்கிட்டக் காகிதம் இல்லை, ஆத்தா சொன்னான்னு வாய்ப்பேச்சுதான். எங்க பாட்டனாருக்குக் காது மந்தம்னு அவனுக்குச் சொன்னேன். ஒனக்கும் அதையே சொல்லுறேன்.

மந்தம்னா ஒரேயடியா மந்தம் இல்லை. கெழவன் தமாசுக்காரரு. சாகுற வரைக்கும் கள்ளு உள்ள போனாச் சொல்லிச் சிரிப்பாரு: 'அவ எங்க ஊருன்னா, நான் ஆமா எசமான் நம்ம ஊருதான்னு முந்திக்கிட்டேன்'னு. எதுக்கு முந்தணும்னு கேக்குறியா? வீட்டுல ஒத்த ஆம்பளைப்பிள்ளை, தலைக்கு மேல வாரண்டு, பிடிச்சாத் தூக்குன்னு பேச்சு. செத்துட்டான்னு எழுதிட்டா வாரண்டு செத்துரும்ல. பெத்தவன் எவனா இருந்தாலும் அதத்தான் செய்வான். ஒங்க தாத்தாவுக்கு அதுல என்ன நட்டம்? அவரு ஏற்கெனவே செத்துட்டாரு.

இல்லை, செத்தாருன்னு நான் சொல்லல. அப்பிடியே வச்சுக்கிட்டாலும்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுறேன். நீ டீச்சரு, வார்த்தைக்கு வார்த்தை பிடிப்பே. மோரு அப்பிடியே இருக்கு பாரு, குடி.

பாட்டனாரு சும்மா விடல, எதையும் முழுசாச் செய்யிற மனுசன். மகன் செத்துட்டான்னு தலைய மொட்டையடிச்சு, பதினாறாம் நாளு ஊரக் கூட்டிக் கருமாதி போட்டாரு. எங்க அப்பத்தா நெசமாவே ஒப்பாரி வச்சுச்சாம், அதுகிட்டக் கூட உண்மையச் சொல்லல. போலீசுக்காரனே வந்து சாப்பிட்டுப் போனான். உசுரோட இருக்குற மனுசனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சாச்சு. அப்ப ஒங்க தாத்தா என்ன ஆனாரு? ஓடிட்டாரு. ரிக்கார்டுப்படி ஓடித்தானே ஆகணும்? ரெண்டு பேருல ஒருத்தன் செத்தா ஒருத்தன் ஓடுனவன்தானே?

முத்திருளாயி வந்து முன்சீப்பு வாசல்ல உக்காந்துட்டா. எம் புருசன் மொகத்த எங் கண்ணால பாத்தேன், எனக்குத் தாலி அறுக்கணும், அவருக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும்னு. எப்பிடி விட முடியும்? சேவுகன் உசுரோட ஓடிப்போயிருக்கான், உசுரோட இருக்குறவனுக்குத் தாலி அறுத்தா ஊருக்கு ஆகாதுன்னு பஞ்சாயத்துல வச்சுச் சொல்லிட்டாரு. பதினெட்டு வயசுப் பிள்ளை, வெள்ளைச் சீலை கட்டாமச் சுமங்கலியா இருந்துட்டுப் போகட்டுமேன்னு ஒரு நல்ல எண்ணமுந்தான். அவளுக்கு அந்த நன்றி இல்லை. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வல்லக்குறிச்சிக்கே போயிட்டா. சாகுற வரைக்கும் அந்தத் தாலி கழுத்துல கெடந்துச்சாம், மஞ்சக் கயிறு மாத்தவே இல்லையாம், கறுத்துப்போய் நூலாக் கெடந்துச்சாம். ஒங்க அப்பன் சொன்னான். சொல்லிட்டு எம் மொகத்தையே பாத்தான். நான் என்ன பண்ணுவேன்? நான் பொறந்ததே அம்பத்திரெண்டுல.

சுதந்திரம் வந்த மறுவருசம் எங்கப்பா திரும்பி வந்தாரு. நெனைச்சுப் பாரு, கருமாதி போட்ட மனுசன் தாடியும் மீசையுமா ரோட்டுல நடந்து வாராரு. ஊரே கால்ல விழுந்துச்சு. சுட்டாக, பொணத்தோட பொணமாப் போட்டாக, எந்திரிச்சு ஊந்தே எல்லையத் தாண்டுனாருன்னு கதை பரவிருச்சு. எங்கப்பா அப்பிடிச் சொல்லவே இல்லை, ஊரே சொல்லிக்கிச்சு. அவரு மறுக்கல, அவ்வளவுதான். செத்துப் பொழச்ச தியாகின்னு அப்பிருந்து பேரு. பட்டயம் கொடுத்தாக, பள்ளிக்கூடத்துக்கு அவர் பேரு வச்சாக. தொடையில குண்டுத் தழும்பு இருக்கு, நான் சின்னதுல தொட்டே பாத்திருக்கேன். எங்கம்மா மட்டும் அது மஞ்சுவிரட்டுல மாடு குத்துனதும்பா. பொம்பளைக்கு என்ன தெரியும்?

எனக்கு எங்கப்பான்னா உசுரு தாயி. அதச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லை. பள்ளிக்கூடத்துல அவர் பேரு சொன்னா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக, நான் அழுதுருவேன். ஆனா அவருக்கு அந்தப் பெருமை ஒட்டவே இல்லை, என்ன காரணமோ. ஆகஸ்டு வந்தாப் போதும், கம்மாக்கரைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு. வல்லக்குறிச்சிக்கு வருசா வருசம் நெல்லு மூட்டை அனுப்புவாரு. போன வண்டி அப்பிடியே திரும்பி வரும், மூட்டையக் கூட எறக்கியிருக்க மாட்டாக. சினேகிதன் குடும்பம்னு பாசம். அவ்வளவு பெரிய மனசு அவருக்கு.

தொண்ணூத்தியேழுல சுதந்திரப் பொன்விழா. எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு. பதினஞ்சாந் தேதி மேடையில அவருக்குப் பொன்னாடை, அவருதான் பேசணும். அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி ஒங்க அப்பன் வந்தான். இந்தா, இப்ப நீ இருக்குற எடத்துலதான் உக்காந்தான். எங்கப்பா கட்டில்ல படுத்திருந்தாரு. இவன் குரலக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்தாரு, ஒரு வருசமாத் தானா எந்திரிக்காத மனுசன். வந்து இவன் கையப் பிடிச்சுக்கிட்டு 'சேவுகா, நான் திரும்பிப் பாக்காம ஓடிட்டேன்டா'ன்னு அழுதாரு. 'மேடையில சொல்லிருறேன்டா, எல்லாத்தையும் சொல்லிருறேன்'னு அழுதாரு. ஒங்க அப்பனும் அழுதான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாக, நான் சொம்பு வச்சுக்கிட்டுப் பக்கத்துல நிக்கிறேன்.

வயசானவரு, மூளை கொழம்பிப்போச்சு. ஒங்க அப்பன் சாடையப் பாத்து செத்தவனே வந்துட்டான்னு நெனைச்சுட்டாரு. வேற ஒண்ணுமில்லை. ஆனா இத மேடையில சொன்னா என்ன ஆகும்? மந்திரி இருக்குறாரு, பேப்பர்க்காரன் இருக்குறான், பள்ளிக்கூடப் பிள்ளைக முந்நூறு பேரு வரிசையா நிக்குது. எம் பிள்ளை எப்பிடி வெளிய தலைகாட்டுவான்? நான் எப்பிடித் தலைகாட்டுவேன்? நீயே சொல்லு.

ஒங்க அப்பனத் தனியாக் கூட்டிப்போய்ப் பக்குவமாத்தான் பேசினேன். கேக்கல. பெருமாளு கோயில் காளை மாதிரி தலையச் சிலுப்பிக்கிட்டு, எங்க அப்பன் பேரு வேணும், எங்க ஆத்தா தாலிக்கு ஒரு பதில் வேணும், வேற எதுவும் வேண்டாம்னான். சாப்பிடவும் இல்லை. பொழுது சாயக் கெளம்பினான். கேட்டு வரைக்கும் போய் வழியனுப்பினேன். பஸ்ஸுக்கு ஒத்தையிலதான் நடந்து போனான். மறுநாளு ஆடு மேய்க்கிறவுக பாத்துட்டு வந்து சொன்னாக, பொட்டக்காட்டுக் கெணத்துல கெடக்கான்னு. வழி தெரியாத ஆளு, கால் தடுக்கியிருக்கும். பஸ் ஸ்டாப்புக்குப் போறவன் பொட்டக்காட்டுக்கு எதுக்குப் போனான்னு போலீசு கூடக் கேட்டுச்சு. எனக்கு எப்பிடித் தெரியும்? நாங்கதான் செலவு பண்ணி ஒங்க அம்மாகிட்டக் கொண்டுவந்து சேத்தோம். பை மட்டும் கெடைக்கல.

எங்கப்பா கேட்டாரு, அந்தப் பிள்ளை எங்கன்னு. சொன்னேன். அதுக்குப் பெறகு எங்கிட்டப் பேசல. பதினஞ்சாந் தேதி மேடையில உக்காந்தாரு, மைக்கக் கொண்டாந்து வாய்கிட்ட வச்சாக, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் வாங்கி, அய்யாவுக்கு ஒடம்பு சொகமில்லைன்னு சொல்லி நன்றியுரை பேசிட்டேன். இருபது நாளு கஞ்சித் தண்ணி எறங்கல. போயிட்டாரு. வயசாயிருச்சு. பெத்த மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரேன்னு இன்னிக்கும் எனக்கு ஆறல. எல்லாம் ஒங்க அப்பன் வந்த வேளை.

பழச விடு. ஒனக்கு நான் ஒரு நல்லது செய்யப்போறேன். காகிதத்துல இன்னொரு வரி இருக்குன்னு எழுதியிருந்தியே, 'மனைவி அடையாளம் காட்டினாள்'னு. அடைக்கலத்துக்குக் கல்யாணமே அம்பத்தொண்ணுல, அப்ப நாப்பத்திரெண்டுல ஏது மனைவின்னு. மனுவப் படிச்சவுகளும் அதத்தான் என்னையக் கேட்டாக. மூணு நாளு தூக்கம் இல்லை எனக்கு. பெறகுதான் தோணுச்சு. ஏன் இருக்கக் கூடாது?

வக்கீல வச்சு எழுதியே வச்சிருக்கேன், இந்தா. முத்திருளாயி தியாகி அடைக்கலத்தோட மூத்த சம்சாரம். கருமலை அவருக்குப் பொறந்தவன். நீ தியாகி பேத்தி. அப்பிடின்னா ஒங்க அப்பன் எனக்கு அண்ணன், நீ எனக்கு மகமொறை. வளைவுல கீழ வரிசையில ஒங்க அப்பத்தா பேரும் வரும், நாளன்னிக்கு மேடையில ஒனக்கும் ஒரு நாற்காலி. நம்ம குடும்பம், நம்ம வீடு. யாரு பேரும் கெட்டுப்போகாது. எல்லாம் ரிக்கார்டுக்குப் பொருந்தி வருது. நீ இந்த எடத்துல கையெழுத்து மட்டும் போடு.

எதுக்கு அப்பிடிப் பாக்குறே? ஒங்க அப்பத்தாளக் கேவலப்படுத்தவா செய்யிறேன்? மூத்த சம்சாரம்னுதானே போட்டிருக்கேன்.

ஒன் கையில இருக்குறது நகலா? அசல் அங்கேயேதான் இருக்கா, மெட்ராசு ரிக்கார்டு ஆபீசுல? இருக்கட்டும். எம்பது வருசமாத் தூங்குனது, இன்னும் எம்பது வருசம் தூங்கும். அந்தக் கட்டுல எது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதானே. சும்மா சொன்னேன் தாயி.

என்ன, எந்திரிச்சுட்டே? கையெழுத்துப் போடலையா? யோசிச்சுச் சொல்லுறியா. சரி, யோசி. ஆனா பஸ்ஸுக்கு எங்க போவே? வளைவு வேலைக்காக நாலு மணியில இருந்து ரோட்ட மறிச்சிருக்காக, பஸ்ஸு மெயின் ரோட்டோட திரும்பிரும். மூணு கிலோமீட்டரு நடக்கணும். பாண்டி வண்டியில கொண்டுபோய் விடுவான்.

வேண்டாங்காத. ஒங்க அப்பனும் மொதல்ல இப்பிடித்தான் வேண்டாம் வேண்டாம்னான், பெறகு ஏறிக்கிட்டான்ல. பாண்டி ஏத்திக்கிட்டுப் போனான்.

என்ன தாயி? திருப்பிச் சொல்லணுமா, எத? ஆமா, பாண்டித்துரைதான். அப்ப அவனுக்கு இருபத்திரெண்டு வயசு, புது வண்டி, பின்னாடி ஒங்க அப்பன் பையோட உக்காந்து போனது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுல என்ன இருக்கு? பஸ்ஸுக்குத்தானே…

உக்காரு.

உக்காருன்னு சொல்லுறேன்ல. மோரக் குடிச்சு முடி.

பாண்டி, அந்தக் கேட்டச் சாத்திட்டு உள்ள வாப்பா.